சைக்கிளுக்குக் காற்று, வயிற்றுக்கு வாழைப்பழம்

செங்கல்பட்டில் காலையில் வாக்கிங் போகிறவர்களை இரண்டே ரகமாகப் பிரித்துவிடலாம். வெறும் வயிற்றில் போகிறவர்கள் ஒன்று. போய்விட்டு வந்து வயிறு வெடிக்கச் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தான்!

கணக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். எழுபது கிலோ ஆசாமி 5 கிலோமீட்டர் வேகமாக நடந்தால் 250, மிஞ்சினால் 300 கலோரி செலவு. கொளவாய் ஏரிக் காற்றை வாங்கிக்கொண்டு நேராக டிபன் கடைக்குள் நுழைந்து, நெய் மிதக்கும் பொங்கல், ஒரு மெதுவடை, சர்க்கரை தூக்கலாய் ஒரு காபி... முடிந்தது கதை. நடந்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தாச்சு.

வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு கரையும் என்கிறார்களே? நடக்கிற அந்த நேரத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கரைவது நிஜம். ஆனால் நாள் முழுக்கச் சாப்பிட்டது ஒரே அளவு என்றால், மாசக் கடைசியில் எடை மெஷின் அந்த வித்தியாசத்தைக் காட்டுவதில்லை. கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரை கிளைகோஜன் என்ற பெயரில் சேமிப்பில் இருக்கும். ராத்திரித் தூக்கத்தில் அதில் பெரும்பகுதி செலவாகிவிடும். தசைகளில் இருக்கும் முன்னூறு, நானூறு கிராம் தூக்கத்தில் அப்படியே இருக்கும். அதனால் ஆரோக்கியமான வாலிபர் அரை மணி நேரம் நடக்கத் தண்ணீரே போதும். ஒரு மணிக்கு மேல் என்றால் அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம். பூரி, பொங்கல் மாதிரி எண்ணெய், நெய் சமாசாரமெல்லாம் சாப்பிட்டால் மூன்று மணி நேரம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும். கொழுப்பு வயிற்றை விட்டு லேசில் நகராது.

இதெல்லாம் ஆரோக்கியமான ஆளுக்கு. எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் கதை வேறு. வயது 54, எட்டு வருஷமாகச் சர்க்கரை. போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாலு பேர் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சைக்கிள் விட்டோம். சுமார் 30 கிலோமீட்டர். பாதி வழியில் திருக்கழுக்குன்றம். ஒரு காலத்தில் தினமும் மத்தியானம் இரண்டு கழுகுகள் இந்த மலைக்கு வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போகும். காசியில் ஸ்நானம், இங்கே சாப்பாடு, அப்புறம் ராமேஸ்வரம் என்று ஐதீகம். நெடும்பயணத்துக்கு நடுவில் சர்க்கரைப் பொங்கல்... கழுகுகளுக்கு விவரம் தெரிந்திருக்கிறது! (இப்போது அவை வருவதில்லை.)

டீக்கடையில் இறங்கினோம். ஹெட்கிளார்க் கையில் கிளாஸ் கடகடவென்று ஆடியது. எல்லோருக்கும்தான் வியர்வை, அவருக்கு மட்டும் சட்டை நனைந்து, உடம்பு சில்லிட்டிருந்தது. "சார், என்ன பண்ணுது?" என்றால், "ஃபைல் டேபிள்லதான் இருக்கு" என்கிறார்!

"மாத்திரை போட்டீங்களா சார்?"

"போட்டேனே..."

"சாப்பிட்டீங்களா?"

"வெறும் வயித்துல போனாதான் சுகர் எறங்கும்னு சொன்னாங்க தம்பி."

இறங்கத்தான் செய்தது. ஆளையும் சேர்த்து இறக்கப் பார்த்தது!

டீக்கடைக்காரர் கேள்வியே கேட்காமல் சர்க்கரை டப்பாவை நீட்டினார். மூன்று ஸ்பூன், கிட்டத்தட்ட 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். கால் மணி நேரம் காத்திருந்தோம். தெளியாவிட்டால் இன்னொரு தரம் தரவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, 108-தான். அந்தக் கால் மணி நேரம் இருக்கிறதே, ஆபீஸ் ஆடிட்டில்கூட நான் அப்படிக் கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

மனிதர் நிமிர்ந்து, "ஏன்யா எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார். உயிர் வந்தது. எங்களுக்கு!

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளைமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும்தான் இந்த ஆபத்து அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் குறைவு. எந்த ரகம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு சைக்கிளைத் தொடுவது உத்தமம்.

இரண்டு இட்லி சாப்பிடவைத்து அவரைப் பஸ் ஏற்றிவிட்டோம். சைக்கிளை டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டார்.

மாமல்லபுரத்தில் கடற்கரைப் புழுக்கம். ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் வியர்க்கும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு. வியர்வையில் போவது உப்பு. அதற்கு நம்ம ஊர் நீர்மோர்தான் சரி. கூடவே இட்லி, சாம்பார், இரண்டு முட்டை. முட்டையில் 12 கிராம் புரதம். களைத்த தசைக்கு அது வேண்டும். சைவம் என்றால் சுண்டல்.

அப்புறம் வெண்ணெய் உருண்டைப் பாறை நிழலில் உட்கார்ந்தோம். எடை சுமார் 250 டன் என்கிறார்கள். அது நிஜ வெண்ணெயாக இருந்தால் சாப்பிட்டுக் கரைக்க எவ்வளவு தூரம் சைக்கிள் விடணும்? கிலோமீட்டருக்கு 25 கலோரி என்று போட்டால் சுமார் 7 கோடி கிலோமீட்டர். சூரியனுக்குக் கிட்டத்தட்ட பாதி வழி.

ஹெட்கிளார்க் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"நடுவுல டீக்கடை இருக்குமா தம்பி?"