துப்பாக்கியின் பின்புறம்

2024ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் மாலை, டிக்கோயாவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தின் கோவில் வளைவிலே ஏழெட்டு மாணவர்கள் வரிசையாகக் குந்தியிருக்கக் கண்டோம். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பிற் கட்டும் படங்கொன்றைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்து, அதன் கீழே ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டிருந்தனர்.

அவ்வளைவு எமக்குப் புதியதன்று. கொரோனாவினாற் பாடசாலைகள் மூடிக்கிடந்த 2020இல், லயங்களிலே தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காமையால், பிள்ளைகள் அங்கே அமர்ந்துதான் எமது பாடங்களைக் கேட்டார்கள். நாளொன்றுக்கு 700 ரூபா அடிப்படைச் சம்பளம் பெற்ற தாய்மார், அந்தப் பாடங்களுக்கென்றே கடன்பட்டுத் தொலைபேசி வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது அங்கே பாடம் எதுவும் நடக்கவில்லை.

நாம் அத்தோட்டத்திற்குப் போனதற்குக் காரணம் உண்டு. எம்மிடம் தமிழ் படிக்கும் மாணவன் ஒருவனுக்கு மே 6ஆந் திகதி சாதாரண தரப் பரீட்சை தொடங்கவிருந்தது. பிள்ளை வகுப்பிலே உறங்கி விழுவான். காரணம் கேட்டு ஆளனுப்பியபோது அவனுடைய தாயார், "ராத்திரி பூராவும் யாரையோ சுட்டுக்கிட்டே இருக்கான் சேர்! வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்று பதில் அனுப்பியிருந்தார். கண்டிப்பதற்குரிய வார்த்தைகளை வழிநெடுகச் சேகரித்துக்கொண்டே சென்றோம் என்பதை மறைப்பானேன்?

கொழும்பிலே புடைவைக்கடையில் வேலை பார்க்கும் அவனுடைய தமையன் பண்டிகைக்கு வந்திருந்தான். கூடவே ஒரு புதிய தொலைபேசியும், மார்ச் 21ஆந் திகதிதான் உலகெங்கும் வெளியான 'கோல் ஒஃப் டியூட்டி: வோர்சோன் மொபைல்' என்னும் விளையாட்டும் வந்திருந்தன. சாதாரணத் தொலைபேசிகள் இதனைத் தாங்கா. அந்தப் புதிய கருவியே அரைமணி நேரத்தில் சுட்ட கிழங்கைப் போலக் கொதித்தது.

"விளையாடாமலே ஏசுவீங்களா சேர்?" என்று கேட்டான் பையன். கேள்வியில் நியாயம் இருந்தது. படங்கின் கீழே எமக்கும் ஓர் இடம் விட்டார்கள்.

இலக்கணத்திலே தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம் படிப்பிக்கிறோம். இஃது தன்மையிடத்து விளையாட்டு. மற்ற விளையாட்டுக்களில் வீரனை எட்டி நின்று பார்க்கிறோம். இதிலோ வீரனின் கண்ணே எமது கண். திரையின் அடியில் இரண்டு கைகளும் ஒரு துப்பாக்கியுந் தெரியும், அவ்வளவே. முகம் இல்லை, கால்கள் கூட இல்லை. பெருவிரலை நகர்த்தினால் உலகம் திரும்புகிறது. 1993 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'டூம்' என்ற விளையாட்டு பிரபலமாக்கிய இந்த முறை, முப்பது ஆண்டுகளில் டிக்கோயாவின் பனிக்குள்ளும் வந்து சேர்ந்துவிட்டது.

120 பேர் ஆகாயத்திலிருந்து குடைவிரித்து 'வேர்டான்ஸ்க்' என்னுங் கற்பனை நகரத்தில் இறங்குகிறார்கள். நச்சுப்புகை வட்டமாய் நெருக்கிக்கொண்டு வர, கடைசிவரை நிற்பவர் வெற்றியாளர். செத்தவனுக்கும் ஒரு வாய்ப்புண்டு. சிறைக்கூடம் ஒன்றிலே, தன்னைப் போலவே செத்த இன்னொருவனோடு மோதி வென்றால் மீண்டும் உயிர்பெறலாம். யமதருமன் இவ்வளவு தாராளமாய் நடந்துகொண்டதாக எந்தப் புராணத்திலும் நாம் படித்ததில்லை. சுவரிற் படும் வெயிலையும், இடப்புறம் வலப்புறம் பிரிந்து கேட்கும் காலடியோசையையும் அமைத்த கலைஞர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

முதல் ஆட்டத்தில் இறங்கிய மாத்திரத்தே மாண்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில், "சேர், ஓடாதீங்க, குனிஞ்சு போங்க" என்று வழிகாட்டினார்கள். கூரை மேலிருந்த உருவம் ஒன்று எமது குண்டுபட்டு விழுந்தது. உள்ளதைச் சொன்னால், எமது தேகமெங்கும் ஒரு துள்ளல் எழுந்தது. நாற்பத்தைந்து வயது, மூக்குக்கண்ணாடி, திருக்குறள் படிப்பிக்கும் வாய் எல்லாம் அந்தக் கணத்தில் எங்கோ போயிருந்தன. பையன்கள் இரவெல்லாம் விழித்திருப்பதன் காரணம் விளங்கிற்று.

பிறகு ஒரு கதவு திறந்தது. எதிரே ஒருவன் நின்றான். அவன் துப்பாக்கியின் வாய் நேராக எம்மை நோக்கியிருந்தது. விரல் அசையவில்லை. மாண்டோம்.

"ஏன் சேர் சுடாம நின்னுட்டீங்க?"

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 20க்கும் மேற்பட்ட தமிழ் வாலிபர்கள் கும்பலொன்றினால் கொல்லப்பட்டார்கள். அதையடுத்த நாட்களில் மலையகப் பட்டினங்கள் சிலவற்றிலும் கலவரம் மூண்டு ஊரடங்கு பிறந்தது. அப்போது நாம் பேராதனையிற் பயின்றுகொண்டிருந்தோம். வீட்டு நினைவு உந்த, அட்டனுக்குப் பஸ் ஏறினோம். நாவலப்பிட்டியைக் கடந்தபின் காவல் தடையொன்றில் இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டோம். அந்த அசைவே போதுமாயிருந்தது. ஓர் அடி தூரத்தில் துப்பாக்கி உயர்ந்தது. சிறிய, வட்டமான, கரிய துளை. அட்டையைப் பார்த்தார்கள், விட்டார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதைப் பிடித்திருந்தவருடைய முகத்தை எவ்வளவு முயன்றாலும் எமக்கு நினைவுபடுத்த இயலவில்லை. துளை மட்டும் இருக்கிறது.

துப்பாக்கியின் முன்புறத்தைத்தான் நாம் அறிவோம். அதன் பின்புறத்தில் நின்று பார்த்தது அந்த மாலையில்தான். அங்கிருந்து பார்த்தபோதும், கூரையில் விழுந்தவனுக்கு முகம் இருந்ததா என்று நாம் கவனிக்கவில்லை.

இதையெல்லாம் அவ்வளவு விரிவாய் அன்றி, நாலைந்து வாக்கியங்களிற் சொன்னோம். யுத்தம் முடிந்த 2009இல் அந்தப் பிள்ளைகளுக்கு ஓரிரு வயதுதான். யாரும் பேசவில்லை. சற்றுப்பொறுத்து ஒருவன், "அடுத்த ஆட்டம் தொடங்குது" என்றான், தொடங்கினார்கள். சேகரித்துச் சென்ற கண்டிப்பு வார்த்தைகள் சேகரித்தபடியே இருந்தன. இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியைத் தாயாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் பையனிடம் பேரம்பேசி வந்தோம். பாதி நாட்களேனும் ஒப்படைத்திருக்கிறான். பரீட்சையிற் சித்தியடைந்து, இப்போது உயர்தரத்திற் கலைப்பிரிவிற் படிக்கிறான்.

நிற்க. அந்த விளையாட்டின் ஆயுள் நீளவில்லை. 2025 மே 18ஆந் திகதி முதல் அதனைப் புதிதாய்ப் பெற முடியாதவாறு வெளியீட்டாளர்களே நிறுத்திவிட்டார்கள். இச்செய்தியைப் பாடசாலை வாயிலில் வைத்து எமக்குச் சொன்னவன் அவனே. சொல்லிவிட்டுப் போகாமல் நின்றான்.

"சேர், அன்னைக்கு ஒங்களுக்குத் துப்பாக்கி நீட்டினவருக்கு என்ன வயசு இருக்கும்?"

யோசித்தோம். "எமது வயதுதான் இருந்திருக்கும். இருபது, இருபத்தொன்று."

"அப்ப எங்க அண்ணன் வயசுதான்" என்றான்.