முடைக்கு விற்கும் பொருள்

சந்தையில் எப்பொருளுக்கும் ஒரு விலை உண்டு. ஆயினும், "பணம் இன்றே வேண்டும்" என்று விற்பவர் வாய்திறந்தவுடன் அந்த விலை சரிந்துவிடுகிறது. பொருளின் எடையும் தரமும் முன்போலவே உள்ளன. விற்பவரால் காத்திருக்க இயலவில்லை என்பதே வேறுபாடு.

நான் பணியாற்றிய பங்குகள் பலவற்றில் இதனைக் கண்டிருக்கிறேன். அறுவடை முடிந்ததும் சிறு உழவர் நெல்லைக் களத்திலேயே வியாபாரியிடம் அளந்து கொடுத்துவிடுகிறார். ஊரெங்கும் நெல் குவிந்து விலை இறங்கியிருக்கும் நாள்கள் அவை. ஆனால் உரக்கடனும் அறுப்புக் கூலியும் பிள்ளையின் கல்விக் கட்டணமும் விலை ஏறும்வரை பொறுத்திருப்பதில்லை. நகையின் கதையும் இதுவே. வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வருவதில்லை.

ஒருமுறை பங்கு உழவர் ஒருவர், மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காகக் கறவைப் பசுவைக் கன்றோடு விற்றார். வாங்கியவரும் நம் ஆலயத்திற்கு வருபவரே. "பாதி விலைதான் கிடைத்தது, சாமி. வியாபாரம் என்றால் அப்படித்தானே?" என்றார் உழவர். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என் நெஞ்சை உறுத்தியது. அடுத்த ஞாயிறன்று இருவரும் ஒரே திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறிக்கொண்டதைப் பீடத்திலிருந்து கண்டேன்.

வாங்கியவரைச் சந்தித்துப் பேசினேன். "நான் கட்டாயப்படுத்தவில்லையே சாமி, அவர் இசைந்துதானே கொடுத்தார்?" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் மருத்துவமனையில் மனைவியைக் கிடத்திவிட்டு நிற்பவரின் இசைவு முழு இசைவாகுமா? இதைக் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், "கன்று பால்குடி மறந்ததும் அவரிடமே ஓட்டிவிடுகிறேன்" என்றார். சொன்னபடியே செய்தார்.

பொருளை அதன் மதிப்பிற்கு மேல் விற்பது எவ்வாறு அநீதியோ, மதிப்பிற்குக் குறைத்து வாங்குவதும் அவ்வாறே அநீதி என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே அக்குவினா நகர்ப் புனித தோமையார் கற்பித்தார். பிறருடைய தேவையை நம் ஆதாயமாக்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை என்பது அவர் போதனையின் சாரம்.

போதனை மட்டும் ஏழையின் முடையைத் தீர்க்காது என்பதைப் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் உணர்ந்தனர். அவர்கள் முயற்சியால் 1462-இல் இத்தாலியின் பெரூஜியா நகரில் 'இரக்கத்தின் குன்று' என்னும் அடகு நிதி தோன்றியது. குன்று என்றது அங்கே குவித்த பணத்தை. ஏழை தன் பொருளை அற்ப விலைக்கு இழக்காமல், அதனை ஈடாக வைத்துக் குறைந்த வட்டியில் பணம் பெற்றார். வட்டி வாங்குதல் தகுமா என்று விவாதம் எழுந்தது. பத்தாம் சிங்கராயர் திருத்தந்தையாக இருந்தபோது, 1515-இல், ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் நிர்வாகச் செலவுக்கு அளவான கட்டணம் பெறலாம் என்று தீர்த்துவைத்தது.

இன்றும் அத்தகைய வழிகள் இல்லாமல் இல்லை. அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் விளைபொருளை இருப்பு வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறலாம். விலை தேறியபின் விற்றுக் கடனை அடைக்கலாம். நகையை விற்குமுன் கூட்டுறவு வங்கியில் அடகு வைக்க இயலுமா என்று விசாரிக்கலாம். அடகு நகை ஏலம் போக நேர்ந்தாலும், கடனும் வட்டியும் செலவும் போக எஞ்சிய தொகை உரியவருக்கே சேரவேண்டும். இதனைப் பலர் அறியாதிருக்கின்றனர்.

ஆயினும் கறவைப் பசுவைக் கிடங்கில் வைக்க முடியாது. நோயும் முன்னறிவித்து வருவதில்லை. ஆதலால் அன்பியந்தோறும் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்து, முடைப்பட்ட குடும்பத்திற்கு இரண்டு மூன்று மாதத் தவணையில் வட்டியின்றிக் கொடுத்து உதவலாம். அவருக்கு நாம் வாங்கித் தருவது அந்த அவகாசத்தையே.

அன்பார்ந்த குடும்பத்தினரே, அடுத்த முறை ஒரு பொருள் எதிர்பாராத மலிவில் உங்கள் வாசலுக்கு வந்தால், விற்பவரின் வீட்டில் என்ன நேர்ந்தது என்று முதலில் கேளுங்கள். விலையைப் பிறகு பேசுங்கள்.