ஏ-க்கு மேல பி

சாச்சிட மகன் இங்கிலாந்தில "பி" சான்றிதழுக்குத் தயாராகிறான் என்று சொன்னதும் உம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏன், ஏ எடுக்க ஏலாமப் போச்சா?"

ஓ.எல். பெறுபேறு பார்த்துப் பழகின வீடு. ஏ, பி, சி, எஸ், டபிள்யூ என்று கீழே இறங்கும் படிதான் நமக்குத் தெரியும். இவன் எடுக்கப் போவது ஏறும் படி. ஏ எடுத்தவன்தான் பி-க்குப் போகலாம். ரேடியோ மூலம் இயக்கும் மாதிரி விமானம், நாங்கள் ரிமோட் பிளேன் என்று சொல்வோமே, அதை ஓட்டுகிறவர்களுக்கான சோதனை இது. 1922இல் தொடங்கிய பிரித்தானிய மாதிரி விமானச் சங்கம் நடத்துகிறது. இன்னொருவர் பக்கத்தில் நில்லாமல் தனியாகப் பாதுகாப்பாகப் பறக்கவிடத் தெரியும் என்பதற்கு ஏ. பொதுமக்கள் கூடி நிற்கும் காட்சியிலும் இவனை நம்பலாம் என்கிற தரத்துக்கு பி.

இதில் என் வேலை கேள்வி கேட்பது. எங்கட இரவு 10 மணி, அவனுக்குப் பின்னேரம் 5.30. வட்ஸ்அப்பில் வருவான். பறத்தி முடித்த பிறகு பரீட்சகர் வாய்மொழியாகப் பாதுகாப்பு, சட்டம் பற்றிக் கேட்பாராம். அதற்கு நான் வினாத்தாள் தயாரித்து வைத்திருக்கிறேன். வாத்தியாருக்கு வேறென்ன தெரியும்?

சோதனை இப்படிப் போகிறது. எழும்பி ஒரு சுற்று, பிறகு உயரம் மாறாமல் எட்டு வடிவம். காற்றுக்கு எதிராக ஒரு லூப். காற்றோடு போகும்போது மேலிருந்து கீழ்நோக்கி ஒரு வெளிப்புற லூப். காற்றுக்கு எதிராக அடுத்தடுத்து இரண்டு ரோல், காற்றோடு வரும்போது மற்றப் பக்கமாக இரண்டு ரோல். செங்குத்தாக ஏறி, வேகம் முடியும் இடத்தில் பக்கவாட்டில் திரும்பி வந்த வழியே இறங்கும் ஸ்டோல் டேர்ன். உயரம் எடுத்து மூன்று சுற்று ஸ்பின். இறங்குவதற்கு வந்து, 10 அடிக்கும் கீழே வந்த பிறகு இறங்காமல் மறுபடி எழும்ப வேண்டும். கடைசியில்தான் தரையிறக்கம்.

வாசிக்கச் சர்க்கஸ் மாதிரி இருக்கும். அவன் தடுமாறுவது நான் நினைத்த இடங்களில் இல்லை.

வெளிப்புற லூப்பை எடுங்கள். விமானம் மூக்கைக் கீழே குத்தி, வட்டத்தின் அடியில் தலைகீழாகப் போய், மறுபடி மேலே வரவேண்டும். அடியில் இருக்கும்போது நிலம் கிட்ட வருவது கண்ணுக்குத் தெரியும். உடனே பெருவிரல் பழக்கத்தில் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுக்கப் பார்க்கும். தலைகீழாக இருக்கிற விமானத்துக்குப் பின்னுக்கு இழுத்தால் அது நிலத்துக்குத்தான் போகும். முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். பயம் சொல்வதற்கு நேர் எதிரானதை விரல் செய்யவேண்டும். இதற்காகவே அவன் கம்பியூட்டர் சிமியுலேட்டரில் எத்தனையோ விமானத்தை உடைத்திருக்கிறான். அங்கே உடைத்தால் ஒரு பட்டன்தான், காசு போகாது.

ஸ்பின் வேறு மாதிரி. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் எனக்கு இதில் ஆசை அதிகம். என்ஜினைக் குறைத்து, உயரம் இழக்காமல் பிடித்துப் பிடித்து வேகத்தைக் கொல்லவேண்டும். இறக்கை மேல் காற்று ஒட்டி ஓடுவது நின்றுபோகும் கணத்தில் சுக்கானை ஒரு பக்கம் முழுதாகக் கொடுத்தால், அந்தப் பக்க இறக்கை மற்றதைவிட அதிகமாகத் தளர்ந்து விழும். அப்படியே சுழல ஆரம்பிக்கும். அவனுடைய விமானம் முதலில் ஸ்பின்னுக்குள் போகவே இல்லை. மூக்கைக் கீழே போட்டு வேகம் கூடிச் சுருண்டு வந்தது. பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான், பரீட்சகருக்கு இல்லை. மூக்குப் பாரம் அதிகம் என்று கண்டுபிடித்து, பற்றரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தினான். இப்போது சரியாகச் சுழல்கிறது. மூன்றாவது சுற்று முடிய மூக்குக் காற்றுப் பக்கம் பார்த்தபடி வெளியே வரவேண்டும், அதுதான் இன்னும் சில நேரம் பிந்துகிறது.

"நானா, தனிய நிக்கக்குள்ள எல்லாம் சரியா வருது. அந்தாள் பக்கத்துல வந்து நிண்டா கை நடுங்குது" என்றான். எனக்குச் சிரிப்பு. கல்வியியற் கல்லூரியிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்குப் போன காலத்தில் விரிவுரையாளர் சத்தமில்லாமல் வந்து கடைசி வாங்கில் இருப்பார். வெண்கட்டி பிடித்த கை அன்றைக்கு மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கும்.

ஆனால் பாட அவதானிப்புக்குப் புள்ளி உண்டு. இதில் புள்ளியே கிடையாது. சித்தி, இல்லையென்றால் இல்லை. ரோல் கொஞ்சம் கோணலானால் பரீட்சகர் பொறுக்கலாம். பறத்தும் கோட்டைத் தாண்டி ஆட்கள் நிற்கும் பக்கம் விமானம் போனால், அது எவ்வளவு அழகான ரோலாக இருந்தாலும் கதை முடிந்தது. எழும்புமுன் ரேடியோ தூரச் சோதனை, தொடர்பு அறுந்தால் என்ஜின் தானாக அடங்குகிறதா என்ற சோதனை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது: கவனயீனமாகவோ பொறுப்பற்ற விதமாகவோ விமானத்தால் எவருக்கும், எவருடைய சொத்துக்கும் ஆபத்து வரவிடக்கூடாது. என் வினாத்தாளில் முதலாம் கேள்வி அது. பக்கத்தில் நிற்பவர் பயப்படத் தேவையில்லாமல் பறத்துவதுதான் சோதனை, வித்தை அதற்குள்ளே வரும் ஒரு பகுதி என்று எனக்குப் படுகிறது.

இந்த இடத்தில் நான் எங்கட ஊரை நினைக்காமல் இருக்க ஏலாது.

2018இல் அவனும் நானும் ரெஜிபோம் வெட்டி ஒரு விமானம் செய்தோம். களப்புப் பக்கம் காய்ந்த தரவையில் பறக்கவிடுவோம். கச்சான் காலத்தில் இந்தக் கரையில் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் ஓடுவதற்கென்றே வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிக்கு வருகிறார்கள். அந்தக் காற்றில் ரெஜிபோம் விமானம் என்ன பாடுபடும்! காலையில் சுபஹுக்குப் பிறகு காற்று எழும்பமுன் பத்து நிமிசம் கிடைக்கும். கருவாடு காயப்போடும் பொம்பிளைகள் கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பார்கள், பிள்ளைகள் பின்னால் ஓடும்.

பிறகு 2019 ஏப்ரல் 21. அதன் பிறகு எங்கட பக்கம் எப்படி இருந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. அந்த வாரமே நாடு முழுக்க ட்ரோனுக்கும் ஆளில்லா விமானங்களுக்கும் தடை வந்தது. அந்த நேரத்தில் அது செய்யவேண்டியதுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எங்கட அலுமாரிக்கு மேலே இருந்தது வயர், பற்றரி, ரிமோட், இறக்கை. ஒரு முஸ்லிம் வீட்டில், அந்த மாதத்தில். வாப்பா கனக்கப் பேசவில்லை. "கழட்டுங்க மகன்" என்றார். அவனுக்கு அப்போது 17 வயது. ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினான், ஒரு வார்த்தை பேசவில்லை. இறக்கை மீன் ஐஸ் பெட்டிக்கு மூடியாகப் போனது. மோட்டர் என் மேசை லாச்சியில் இருக்கிறது, காந்தப் பாடத்துக்கு வகுப்புக்குக் கொண்டுபோவேன். இன்றைக்குப் பறக்கவிடுவதென்றால் பதிவு, அனுமதி என்று ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கு இருந்தும் எனக்கு மனம் வரவில்லை.

போன கிழமை அவனிடம் கேட்டேன், அங்கே உன்னை யாரும் ஒரு மாதிரிப் பார்ப்பதில்லையா என்று. கொஞ்ச நேரம் யோசித்தான்.

"கிளப்புல எல்லாம் வயசான ஆக்கள் நானா. முதல் நாள் என்ட பேரைச் சொல்லவே அவங்களுக்கு வாய் வரல்ல. இப்ப நான் பறத்தக்குள்ள ஒருத்தரும் என்னைப் பாக்கிறல்ல. கோட்டைத்தான் பாக்கிறாங்க."

சோதனை வாற ஞாயிற்றுக்கிழமை, மழை இல்லையென்றால். உம்மாவுக்கு பி பெரியது என்று இப்போது விளங்கிவிட்டது, சாச்சிக்கும் விளக்கிவிட்டார். துஆ செய்யுங்கள். மூன்றாவது சுற்றில் மூக்குக் காற்றுப் பக்கம் திரும்பினால் போதும் என்கிறான்.