அரிசி மூட்டையும் வாத்தியார் சம்பளமும்

வெள்ள நிவாரணத்துக்குப் பழைய துணியை மூட்டை கட்டி அனுப்பிட்டு, பெரிய வள்ளல் மாதிரி ஹாஸ்டலுக்குத் திரும்பினவன் நான். நீங்களும்தானே? அப்புறம்தான் கரீபியன் தீவு நாடான ஹைட்டி பத்திப் படிச்சேன். அமெரிக்காவுல பல கத்தோலிக்கப் பங்குகள் (ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும்னு வெச்சுக்கோங்க) ஹைட்டியில ஒரு ஏழைப் பங்கைச் சகோதரப் பங்கா ஏத்துக்கிட்டு வருஷக்கணக்கா உதவுது. நல்ல விஷயம். ஆனா 1995-ல ஹைட்டி அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாக் குறைச்சதுல, மலிவான அமெரிக்க அரிசி குவிஞ்சு உள்ளூர் விவசாயிங்க நொடிஞ்சுபோனாங்க. அதுக்கு 2010-ல பில் கிளின்டனே வருத்தம் தெரிவிச்சார். அந்த ஊருக்கு மறுபடியும் அரிசி மூட்டையா? சில பங்குகள் அங்க பள்ளிக்கூட வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுக்குது. போட்டோ எடுக்க அதுல ஒண்ணுமில்ல, பள்ளிக்கூடம் நடக்கும்.

எங்க துணி மூட்டையை அங்க யாராவது பிரிச்சாங்களான்னு நான் இதுவரைக்கும் விசாரிக்கவே இல்ல.