இது எந்தக் கடல் முத்து?

பி.காம். படித்தவனுக்குக் கணக்கு வருகிறதோ இல்லையோ, எழுதிப் பிழைக்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும்... 'நாலு வரி எழுதிக் குடு' என்று வந்து நிற்பவர்களுக்குக் குறைச்சலே இல்லை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் எழுதியாச்சு. சமீபத்தில் வந்தது புது ரகம்.

தூத்துக்குடியில் முத்து, சங்கு நகைக் கடை வைத்திருக்கும் கல்லூரி நண்பன் போன் பண்ணினான். "மாப்ள, கடைக்கு வெப்சைட் போடுதேன். போட்டோ எல்லாம் ஏத்தியாச்சு. ஹோம் பேஜ்ல எழுத்தே இல்லாம மொட்டையா கிடக்கு. ஏதாச்சும் எழுதிக் குடுல!"

தூத்துக்குடி, முத்து... சும்மா விடுவேனா? 'முத்துநகரின் ஆழ்கடலில் மூழ்கி எடுத்த முத்துகள், இனி உங்கள் கழுத்தில்!' என்று எடுத்துவிட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். மீதியைக் கடையில் உட்கார்ந்து எழுதலாம் என்று கூப்பிட்டான். போனேன்.

கடை ஓரத்தில் அவன் அப்பா. எண்பத்தைந்தைத் தாண்டியவர். இளவட்டத்தில் முத்துக் குளித்தவர். பேரன் செல்போனில் என் வரியை வாசித்துக் காட்டினான்.

"இது எந்தக் கடல் தம்பி?" என்றார் என்னைப் பார்த்து.

விழித்தேன்.

"நம்ம கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961. இங்க இருக்கது ஐதராபாத்ல வாங்கினது. முக்காவாசி சைனாக்காரன் குளத்துல வளர்த்தது. கல்லைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சை அடக்கி உள்ள இறங்குதவன் உசுரு, மேல கயித்தைப் பிடிச்சிருக்கவன் கையிலதான் இருக்கும். கடைக்கு வாரவனும் அப்படித்தானே நம்மளை நம்பி வாரான்?"

நண்பன் முகம் சுருங்கிப்போச்சு. கடை மேல் பேங்க் லோன் இருக்கிறது. "உண்மையைப் போட்டா எவம்ப்பா வாங்குவான்?" என்றான்.

அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கு, இல்லையா?

எனக்கு பி.காம். பாடம் ஞாபகம் வந்தது. பொதுமக்களிடம் பங்கு விற்கும் கம்பெனி, தன் 'ப்ராஸ்பெக்டஸ்' என்ற அறிக்கையில் தெரிந்தே பொய் சொன்னால் ஜெயில். 1906-ல் இதே ஊரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். மூலதனம் 10 லட்சம், பங்குகள் 40,000, பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ கப்பல்கள் வந்து சேர்ந்தது 1907-ல்தான். சொந்தக் கப்பலைக் கண்ணால் பார்க்கும் முன்பே ஜனங்கள் பணம் போட்டார்கள் என்றால், சொன்ன ஆள் மேல் இருந்த நம்பிக்கை!

ஹோம் பேஜும் அப்படித்தான் சார். முகம் தெரியாதவர் முதலில் மிதிக்கிற வாசற்படி. என்ன விற்கிறீர்கள், எங்கிருந்து வருகிறது, என்ன விலை, கூப்பிட்டால் யார் பேசுவார்... இவ்வளவு தெரிந்தால் உள்ளே வருவார். என் எதுகை மோனை எல்லாம் அப்புறம்.

பழைய வரியை அடித்தேன். புதிதாக எழுதியது இதுதான்:

'தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. எங்கள் முத்துகள் ஐதராபாத்தில் வாங்கியவை. பெரும்பாலும் சீனாவில் வளர்த்தவை. ஒவ்வொன்றையும் பார்த்துப் பொறுக்குபவர், இந்தக் கடலில் முத்துக் குளித்த எங்கள் அப்பா.'

வியாபாரம் எப்படி என்கிறீர்களா? முதல் வாரம் வந்தது ஒரே ஒரு போன். அதுவும் முத்துக்கு இல்லையாம், அப்பாவிடம் பேசணுமாம்! பெரியவர் அரை மணி நேரம் கடல் கதை சொல்லியிருக்கிறார்.

"கடையை விளங்க வச்சிட்ட மாப்ள" என்று என்னிடம் பொருமியவன், போனை வைக்கும்போது மெதுவாகச் சொன்னான்:

"பேசின அம்மா ஒரு ஜோடி தோடு கேட்டிருக்காங்கல. அப்பாதான் பொறுக்கணுமாம்!"