சோழகக் காற்றும் மோட்டார் வண்டியும்

யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்து பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் தீவுப்பகுதிக் காற்று நம்மை எதிர்கொள்கின்றது. இருமருங்கும் ஆழங் குறைந்த பரவைக் கடல். அல்லைப்பிட்டி, மண்கும்பான் முதலிய ஊர்களிலே வெண்மணலும் பனைகளும் கண்ணுக்கு விருந்து. ஆயினும் சோழகம் வீசும் ஆனி மாதத்தில் அம்மணலே பொடியாகி வண்டிக்குள்ளும் புகுந்துவிடும். வேலணையில் பாதை பிரிகின்றது. ஒன்று ஊர்காவற்றுறைக்குச் செல்ல, மற்றொன்று வாணர் தாம்போதி வழியே புங்குடுதீவை அடைந்து குறிகட்டுவான் துறையில் முடிகின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அங்கேதான் படகேற வேண்டும். படகோ எவருக்காகவும் காத்திராது.

நாகபூசணி அம்மன் திருவிழாக் காலமொன்றில், நேர்த்திக்கடன் தீர்க்கப் புறப்பட்ட ஆச்சி ஒருவருடன் நாம் சென்ற கார் வேலணைக்கு அண்மையில் இருமத் தொடங்கிற்று. மிதித்தால் வேகமில்லை; நிறுத்தினால் எஞ்சின் நடுங்கி அணைந்தது. சிறு கராச் ஒன்றிலிருந்த இளைஞர் கணினிக் கருவியைப் பொருத்திப் பார்க்க, காற்றோட்ட உணரியில் கோளாறு என்று அது காட்டிற்று. புதியதொன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம் என்றார் உடன்வந்தவர். செலவு ஒருபுறமிருக்க, அன்றைய பயணம் என்னாவது?

"அந்தரப்படாதேங்கோ ஆச்சி, படகைப் பிடிக்கலாம்" என்றார் இளைஞர். வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள இறப்பர்க் குழாயை முதலில் தடவிப் பார்த்தார். அதில் வெடிப்பிருந்தால், உணரியின் கணக்கிற் சேராத காற்று உள்ளே புகும். குற்றமற்ற உணரிமீது பழி விழும். வெடிப்பில்லை. பின் எஞ்சினை நிறுத்தி, உணரியின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கினார். என்ன விந்தை! நடுக்கம் பெரிதுந் தணிந்தது. உணரியின் செய்தி கிடைக்காதபோது வண்டியின் கணினி தானே ஒரு மதிப்பீட்டை வைத்துக்கொண்டு பெற்றோலை அளந்து விடுகின்றது. பொய்க்கணக்கிலும் அம்மதிப்பீடு மேலாயிருந்தது. இணைப்பின் ஊசிகளிலே உப்புக் காற்றின் களிம்பு இல்லையென்று கண்டபின்னரே உணரியைக் கழற்றினார்.

அதனுள்ளே மயிரிழை போன்றதொரு கம்பி. மின்சாரத்தால் அது சூடாக்கப்படுகின்றது. ஓடும் காற்று அதனைக் குளிர்விக்கின்றது. சூட்டைக் காக்க எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அதுவே காற்றின் அளவு. அக்கம்பியிலே சாம்பல்நிறப் படலம்! வடிகட்டி சரியாகப் பொருந்தாமையால், விளிம்பு வழியே பொடி புகுந்திருந்தது. அழுக்குப் போர்த்த கம்பி காற்றைக் குறைத்துக் காட்ட, பெற்றோலும் குறைந்துவிட்டது. துணியோ தூரிகையோ விரலோ படாமல், அதற்கென உள்ள திரவத்தைத் தெளித்து, நன்றாக உலரவிட்டு, வடிகட்டியையும் செவ்வனே பொருத்தினார். வண்டி முன்போல் ஓடிற்று, ஆச்சி படகேறினார்.

அவ்விளைஞரின் தந்தையார் மொறிஸ் மைனர் திருத்தியவராம். அக்காரின் எஸ்.யு. கார்புரேற்றரும் ஒருவகையிற் காற்றை அளக்கும் கருவியே. காற்றின் இழுப்புக்கேற்ப ஓர் உருளை மேலெழும்; அதனோடு எழும் ஊசி பெற்றோலின் வழியை விரிக்கும். உருளையை விரலால் உயர்த்தி விட்டால் 'டக்' என்று விழவேண்டும். தயங்கினால் அழுக்கு என்று கொள்ளலாம். 1990இல் வந்த பொருளாதாரத் தடையால் குடாநாட்டிற் பெற்றோல் அரிதாயிற்று. அந்நாட்களில் இத்தகைய பழைய கார்களே சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் சுமந்தன. இன்றைய நுட்பமான எஞ்சின்கள் அவ்வளவு பொறுமையுடையன அல்ல என்பது எமது எண்ணம்.

நெடுந்தீவின் நிலை இன்னும் கடினம். பவளக்கல் வேலிகளுக்கிடையே அங்கு ஓடும் முச்சக்கர வண்டிகளும் உழவு யந்திரங்களும் கடல் கடந்து வந்தவையே. அவற்றுக்கு ஓர் உதிரிப்பாகம் வேண்டுமாயின் அதுவும் குறிகட்டுவானிற் படகேறித்தான் வரவேண்டும். சோழகம் மூர்க்கங் கொண்டாலோ, அந்தப் படகும் துறையிலேயே கிடக்கும்.