வண்டிக் கூரையில் இரண்டு பேனல்

வத்தலக்குண்டு சாலையில் இருக்கும் அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வேப்பமரத்தடியில் ஒரு ட்ராவலர் வண்டி நிற்கிறது. சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பு மேடையும் சின்ன ஃபிரிட்ஜும் வைத்தாகிவிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி இந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். அந்தக் காகிதங்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முன் சீட்டில் வைத்திருக்கிறார் வண்டிக்காரர். பணி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவி, மடியில் டைரி.

சித்திரை பிறந்து நாலு நாள். திண்டுக்கல்லில் இப்போது உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். ஆவணியில் இன்னொரு முறை வரும். மார்கழியில்தான் தெற்கே நன்றாகச் சாயும். அதனால் இந்தச் சமவெளியில் வண்டிக் கூரையின் சோலார் பேனலைச் சாய்க்காமல் படுக்கை வசமாக வைத்தாலும் பெரிய நட்டமில்லை. ஓடுகிற வண்டிக்கு அதுதான் தோதும்கூட.

மெக்கானிக் கூரைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே நகர்கிறார். டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம். ஓரிடத்தில் சத்தம் கெட்டிப்படுகிறது. அங்கே அடியில் குறுக்குச் சட்டம் ஓடுகிறது. சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. வெறும் தகரத்தில் போல்ட்டைப் பிடித்தால் நாற்கரச் சாலையின் எதிர்காற்று பேனலோடு தகரத்தையும் சேர்த்துப் பிய்த்துவிடும்.

"அண்ணே, வண்டியே இதுல ஓடுமாண்ணே?" கீழே ஏணியைப் பிடித்திருக்கும் பையன் கேட்கிறான்.

"ஓடாதுடா. ஃபேனு, லைட்டு, ஃபிரிட்ஜு. அம்புட்டுத்தான்."

2017 ஜூலையில் டெல்லி சஃப்தர்ஜங் நிலையத்திலிருந்து விட்ட சோலார் ரயிலின் கணக்கும் இதேதான். பெட்டிக்கு 16 பேனல், ஒவ்வொன்றும் 300 வாட். நம் பெரம்பூர் தொழிற்சாலையில் கட்டிய பெட்டிகள். விளக்கும் விசிறியும் வெயிலில் ஓடின, ரயிலை டீசல்தான் இழுத்தது. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. இரவு முழுக்க இன்ஜினை ஓடவிடாமல் ஒரு விசிறி சுற்றுவது பெரிய காரியம்.

பட்டறையின் உள்மூலையில் ஒரு பெரியவர் அலுமினிய ஆங்கிள் துண்டுகளுக்கு அரம் போட்டுக்கொண்டிருக்கிறார். நாகல்நகரில் பூட்டு வேலை பார்த்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் பட்டறைகள் குறைந்து, கைகள் வேறு தொழில்களுக்குப் பிரிந்துவிட்டன.

"மாமா, இந்த முனை கையைக் கிழிக்குது."

"குடு இங்கிட்டு."

வாங்கி, நாலே இழுப்பு. பிறகு கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார். கூரைக்கு மேலே போய்விட்டால் யார் கண்ணிலும் படப்போகாத துண்டு அது. மறுபடியும் இரண்டு இழுப்பு.

துளை போட்டதும் மெக்கானிக் இரும்புத் தூளை பிரஷ்ஷால் கூட்டி அள்ளுகிறார். ஒரு துகள் தங்கினாலும் முதல் மழையில் அந்த இடம் துருப்பிடிக்கும். துளையின் உள்விளிம்புக்கு பிரைமர், அது காய்ந்தபின் பசை, ரப்பர் வாசர், துருப்பிடிக்காத எஃகு போல்ட். பசை நாலு பக்கமும் சமமாகப் பிதுங்கி வரும்வரை முறுக்குகிறார். இத்தனை நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவே நாலு விரக்கடை இடைவெளி. காற்று உள்ளே போய் வர அது வேண்டும். வெளிச்சம் கூடினால் மின்சாரம் கூடும், சூடு கூடினால் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் போகும். தகரத்தோடு ஒட்டிக் கிடந்து 65 டிகிரியைத் தொட்டால், ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

பேனல்கள் ஏறுகின்றன. தலா 330 வாட், 22 கிலோ, ஆளை விட நீளம். வைத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக் ஒரு சாண் பின்னால் தள்ளச் சொல்கிறார்.

"ஏன் தம்பி, நல்லாத்தானே இருக்கு?" என்கிறார் வண்டிக்காரர்.

"கேரியர் கம்பி நெழலு விழும் சார். ஒரு ஓரத்துல நெழலு நின்னாலே மூணுல ஒரு பங்கு படுத்துரும்."

வயர் இணைக்கும் முன் இரண்டின் மேலும் போர்வையை விரிக்கிறார்கள். பேனலை அணைத்து வைக்க சுவிட்ச் கிடையாது. மரநிழலில் கிடந்தாலும் அதில் வோல்ட் இருக்கும். முதலில் பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்கு வயர், நடுவே ஃபியூஸ். பேனல் வயர் கடைசியில். வரிசை மாறினால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும்.

அந்த அம்மா இப்போதுதான் வாய் திறக்கிறார். "கொடைக்கானல்ல மேகம் மூடிக்கிட்டா என்ன தம்பி பண்றது? ஃபிரிட்ஜுல இன்சுலின் இருக்கும்."

மெக்கானிக் கூரையிலிருந்து இறங்கி வந்து பதில் சொல்கிறார். இதை மேலே நின்றபடி சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

"பேட்டரில ரெண்டரை யூனிட் நிக்கும்மா. ஃபிரிட்ஜு, ஃபேனு, லைட்டு எல்லாம் சேந்து ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டு. ரெண்டு நாள் தாங்கும். மூணாம் நாளும் மூடாப்பா இருந்தா ஃபேனை நிறுத்திட்டு ஃபிரிட்ஜை மட்டும் விடுங்க. ஏசி மட்டும் வேணாம்மா, மூணு மணி நேரத்துல எல்லாத்தையும் குடிச்சிரும்."

அவர் டைரியில் எழுதிக்கொள்கிறார். 'மூணாம் நாள்: ஃபேன் வேண்டாம்.'

பையன் ஏறி இரண்டு குடம் தண்ணீரைக் கூரையில் ஊற்றுகிறான். வண்டிக்காரர் உள்ளே நின்று ஒவ்வொரு போல்ட்டுக்கு நேர் கீழேயும் கையை வைத்துத் தடவிப் பார்க்கிறார். ஈரமில்லை. வண்டியை வேம்பின் நிழலைவிட்டு வெயிலுக்கு எடுத்துப் போர்வையை உருவியதும் கன்ட்ரோலர் திரையில் எண் ஏறுகிறது. 480, 500, 510.

"660னு சொன்னீங்க?"

"அது கம்பெனி ரூம்ல, 25 டிகிரில சார். நம்மூரு வெயில்ல இதுதான் நெசம்."

கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு மெக்கானிக் மறுபடியும் அந்த அம்மாவிடம் வருகிறார். "இதையும் எழுதிக்கங்கம்மா. முதல் நூறு கிலோமீட்டர் ஓடுனதும் இங்க கொண்டாரணும். போல்ட்டையெல்லாம் இன்னொருவாட்டி முறுக்கணும், அதுக்குக் காசு வேணாம். பேனலைக் காலைலயே ஈரத்துணியால தொடச்சிருங்க, சூடேறுனப்புறம் தண்ணி ஊத்தாதீங்க."